ஒரே வேர்ப்பில் கனடா

ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் வெள்ளைக்காரியாக வேலை பார்ப்பது லேசுப்பட்ட தொழில் இல்லை.

வெள்ளைக்காரி என்றதும் என் நிறத்தைப் பார்க்க யாரும் ஓடிவர வேண்டாம். நான் கிளிநொச்சிக்காரி. ஏ.எல். சோதினை எடுத்துவிட்டு றிசல்ற்றுக்காகக் காத்திருந்த காலத்தில், வீட்டில் இருந்து அம்மாவிடம் சும்மா ஏச்சு வாங்குவதா, வெளியே போய்ச் சம்பளத்தோடு ஏச்சு வாங்குவதா என்று யோசித்து இரண்டாவதைத் தெரிவு செய்தவள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஆங்கிலத்துக்காக எழும்பி நின்று, கூரையைப் பார்த்து முழித்து, “தாங்க்யூ சேர்” என்று சொல்லிவிட்டு இருந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிறந்த நாளிலிருந்தே மூக்கால் கதைக்கிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.

வேலை கிடைத்த விதம்

நான் முதலில் படிக்கத்தான் சேர்ந்தேன். எங்கள் வகுப்பு கண்டி வீதியில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் நடந்தது. கீழே குழாய் அறுப்பார்கள், மேலே சேர் ஆங்கிலத்தை அறுப்பார். எது எந்தச் சத்தம் என்று பிரித்தறிய எனக்கு ஒரு கிழமை பிடித்தது. சேரின் குரல் மூக்கில் தொடங்கி, தொண்டைக்குள் இறங்கி, கடைசியில் “அண்டர்ஸ்ராண்ட்?” என்று வந்து விழும். இப்படி ஒரு குரலைக் கடவுள் படைத்துவிட்டு, பக்கத்தில் என்னையும் படைத்தால் நான் என்ன செய்வேன்?

ஒரு பின்னேரம் சேர் வரப் பிந்தியது. நான் மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று, “டியர் ஸ்ருடன்ற்ஸ், ருடே நோ க்ளாஸ். கோ ஹோம். அண்டர்ஸ்ராண்ட்?” என்றேன். வகுப்பு முழுவதும் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது. பாதிப் படியில் சேர் ஏறி வந்துகொண்டிருந்தார். அவரையே நேரில் பார்த்தும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை; “தாங்க்யூ சேர், நாளைக்கு வாறம் சேர்” என்று சொல்லி விலகி இறங்கினார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் சனத்துக்குக் குரலில் உள்ள நம்பிக்கை கண்ணில் இல்லை.

சேர் மேலே வந்து என்னைக் கதவுக்குப் பின்னால் கண்டுபிடித்தார். வகுப்பில் வெளிநாட்டுக் குரல்களைப் போட்டுக் காட்டுகிற ஸ்பீக்கர் பெட்டி அந்தக் கிழமைதான் தகரக் கூரையின் வெக்கையில் உயிரை விட்டிருந்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், செத்த பெட்டியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். “உன்னை நிப்பாட்டத்தான் நினைச்சனான். ஆனா பெட்டி திருத்திற செலவை விட நீ மலிவு. நாளைக்கு நேரத்தோட வா.”

சேரின் கண்டுபிடிப்பு

மறுநாள் வகுப்பின் மூலையில் நைலோன் கயிறு கட்டி, மயில் படம் போட்ட ஒரு நீலப் படுக்கை விரிப்புத் தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அந்தக் கதிரைதான் வெளிநாடு. நான் அதில் இருந்து விமான நிலைய அதிகாரி, டொக்டர், கடைக்காரி, விசா கொடுக்கிறவர் என்று எல்லா வெள்ளைக்காரருமாக மாறிக் கேள்வி கேட்க வேண்டும். வெளியே நிற்கிறவர் மயிலைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மயிலுக்கு முன்னால் நின்றார்கள்.

பாடம் என்ன என்று கேட்கிறீர்களா? ஒரே ஒரு வேர்ப், அதாவது வினைச்சொல்: g-e-t. ‘கெற்’. ஆங்கிலத்தில் மிச்சம் உள்ள வேர்ப் எல்லாம் வெறும் சோடனை என்பது சேரின் கண்டுபிடிப்பு. படுக்கையால் எழும்ப கெற், பஸ்ஸில் ஏற கெற், இறங்க கெற். காய்ச்சல் வந்தாலும் கெற், கலியாணம் வந்தாலும் கெற். கடையில் வாங்குவது, வீட்டுக்குப் போய்ச் சேர்வது, களைப்பது, கோபப்படுவது, கிழவனாவது, ஒருத்தன் சொன்னது விளங்குவது, விளங்காதவனைத் தொலைந்துபோ என்று கலைப்பது, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். வைட்போர்டின் நடுவில் அதைப் பெரிதாக எழுதி, சுற்றிவர அம்புக்குறி கீறி வைத்திருப்பார். பார்த்தால் நசுங்கின சிலந்தி மாதிரி இருக்கும். உலகம் முழுவதையும் பிடித்து ஆண்ட வெள்ளைக்காரன் வேலைக்கொரு சொல் செய்யச் சோம்பிப் பஞ்சிப்பட்டிருக்கிறான், அவனுடைய பஞ்சியைப் படிக்க நாங்கள் வெயிலுக்குள் சைக்கிள் மிதித்து வருகிறோம்.

பரமலிங்கம் ஐயா கை உயர்த்தினார். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிறவர். லண்டனில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்று வகுப்புக்கு வந்தவர். “சேர், எங்கட மனிசியும் உப்பிடித்தான். ‘உந்தச் சாமானை எடுத்து அந்தச் சாமானுக்க வையுங்கோ’ எண்டுவா. கலியாணம் கட்டின நாள் துவக்கம் நான் ஒண்டையும் மாறி வைச்சதில்லை. உதுக்கு ஏன் சேர் வகுப்பு?”

மயிலுக்குக் காட்டிய அடையாள அட்டை

ஐயாவுக்கு லண்டன் விமான நிலையம் பழக்க வேண்டி வந்தது. நான் தொண்டையைச் செருமி, விறைத்த வெள்ளைக்காரக் குரலில், “குட் மோர்னிங். வேர் டிட் யூ கெற் திஸ் பாக்?” என்று கேட்டேன். இந்தப் பையை எங்கே வாங்கினாய் என்று அர்த்தம். ‘ஐ கொற் இற் இன் கிளிநொச்சி’ என்று சொன்னால் சோலி முடிந்தது.

படுக்கை விரிப்புக்குக் கீழால் ஒரு கை வந்தது. கையில் அடையாள அட்டை. நான் வாங்காமல் இருக்க, கை அட்டையை ஆட்டியது. பிறகு ஐயாவின் குரல், தெளிவான தமிழில், முழுப்பெயர், தகப்பன் பெயர், கிராம சேவகர் பிரிவு, முந்தி இருந்த இடம், அதற்கு முந்தி இருந்த இடம், இடம்பெயர்ந்து இருந்த இடங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனது. உடையார்கட்டு வரைக்கும் வந்துவிட்டார், நான் இன்னும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பிறகு ‘சர்’ என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், மனிசன் நிலத்தில் குந்தி இருந்து பையின் சிப்பைத் திறந்து, சாரம், சவர்க்காரம், குடை, கொப்பி, இடியப்பப் பார்சல் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு மயிலைப் பார்த்தபடி இருக்கிறார்.

வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை; செக்பொயின்ற்றில் இப்படிப் பையைப் பரப்பாத ஆள் அங்கே யார்? சிரிக்க வாயைத் திறந்த நானும் மூடிவிட்டேன். “ஐயா, வெள்ளைக்காரன் உதொண்டும் கேக்கேல்லையே, பை எங்க வாங்கினது எண்டுதானே கேட்டவன்?” என்று சொந்தக் குரலில் கேட்டேன். சவர்க்காரத்தைத் திரும்பப் பையில் வைத்தபடி சொன்னார்: “கேக்க முதலே காட்டிப்போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லைப் பிள்ளை.”

யானை கேட்ட மேடம்

நிரோசனைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஏதோ ஒரு திட்ட அலுவலகத்தில் வேலை. கழுத்தில் தொங்குகிற அட்டையைக் குளிக்கும்போதும் கழற்றமாட்டான் என்று கேள்வி. ‘கெற்’ படித்த இரண்டாம் நாளே அதைத் தமிழுக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டான். “நான் ஒரு ரீயைக் கெற் பண்ணீட்டு வாறன்.” “மழை வாற மாதிரிக் கிடக்கு, குடையைக் கெற் பண்ணுங்கோ.” ஒருநாள் கீழே கடைக்காரரிடம் போய், “அண்ணை, உங்கட பைக்கை ஒருக்காக் கெற் பண்ணலாமோ?” என்று கேட்டிருக்கிறான். அவர் வாசலில் நின்ற பைக்கைத் துடைக்கச் சொல்கிறான் என்று நினைத்து ஒரு பழந்துணியைக் கொடுத்து அனுப்பினார்.

இப்படி ஒருத்தனைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? வகுப்பு ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்க, அம்மாவின் போனில் இருந்து அவனுக்கு எடுத்தேன். “ஹலோ நிரோசன், திஸ் இஸ் பார்பரா, ஃப்ரொம் த ஹெட் ஒஃபிஸ்.” மற்றப் பக்கத்தில் கதிரை தள்ளிக்கொண்டு எழும்பி நிற்கிற சத்தம் எனக்கே கேட்டது. எனக்கு ஒரு யானை கெற் பண்ணித் தர முடியுமா என்று கேட்டேன். “யெஸ் மேடம்.” இரண்டு யானை? “யெஸ் யெஸ் மேடம்.” வெள்ளிக்கிழமைக்கு முதல், ஆனையிறவில் இருந்து? “ஐ கெற், மேடம், ஐ கெற்.” ஆனையிறவில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மேடம் கேட்டால் நிரோசனுக்கு உப்பும் துதிக்கை முளைத்து எழும்பும்.

அடுத்த நாள் நான் அதே குரலில் படுக்கை விரிப்புக்குப் பின்னால் இருந்து, “வேர் இஸ் மை எலிபன்ற்?” என்றேன். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நிரோசன் முகத்தை நிமிர்த்தி, கழுத்து அட்டையைச் சரிசெய்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: “நீதான் எண்டு எனக்கு முதலே தெரியும். உனக்கு ஒரு பிறக்ரிஸா இருக்கட்டும் எண்டுதான் நான் கதைச்சனான்.”

வன்னி முழுவதற்கும் ஒரு மாமி

இந்தக் கூத்துக்குள் முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருப்பா. டிலானி அக்கா. முல்லைத்தீவுக் கரையில் தமையனின் வாடியில், மீனவர் கொட்டிலில், மீன் தரம் பிரித்து வித்தவ. வகுப்புக்காகக் கிளிநொச்சியில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தவ. மாதா கோயிலில் கைப்பிடித்த கையோடு புருசன் ஜூட் அண்ணை கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனில்தான் குடும்பம் நடத்தினார்கள். விசாவுக்காக ஒருமுறை கொழும்பில் இன்ரவியூவுக்குப் போய், இது உண்மையான கலியாணம் என்று நம்பிக்கை வரவில்லை என்ற பதிலோடு திரும்பி வந்தவ. இப்போது இரண்டாம் இன்ரவியூ வரப்போகிறது. கனடாவில் இருக்கிற மச்சாள், அதாவது ஜூட் அண்ணையின் தமக்கை, ஏற்கெனவே சொல்லிவிட்டா, இந்த முறையும் சரிவராவிட்டால் குடும்பம் ‘வேறமாதிரி யோசிக்க வேண்டி வரும்’ என்று. யோசிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முதல் இன்ரவியூ ஏன் சரிவரவில்லை தெரியுமா? சேரின் புண்ணியம். கணவரை எப்படி அறிந்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு அவர் ஒரு பதில் செய்து வைத்திருந்தார். ‘ஐ கொற் ரு நோ ஹிம் த்ரூ மை ஆன்ரி. வீ கொற் மரீட். வீ கொற் ஹப்பி.’ மாமி மூலம் அறிந்தேன், கலியாணம் செய்தோம், சந்தோசமானோம். மூன்று கெற். சேருக்குப் பெருமை தாங்கவில்லை. பிரச்சினை என்னவென்றால், அக்காவுக்கு முதல் போன பெட்டையள் எல்லாரும் அதையே ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். வன்னி முழுவதும் ஒரே ஒரு மாமி வேர்க்க விறுவிறுக்க ஓடித்திரிந்து எல்லாருக்கும் கலியாணம் பேசுகிறா என்று கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

டிலானி அக்காவுக்கு உண்மையில் அப்படி ஒரு மாமியே கிடையாது. ஜூட் அண்ணை மாதா திருநாளுக்கு ஊருக்கு வந்தவர். வாடிக்கு மீன் வாங்க வந்த இடத்தில்தான் பழக்கம். இதை அக்கா சேரிடம் பயந்து பயந்து சொல்லியிருக்கிறா. சேர் மூக்கைச் சுளித்தாராம். “பிள்ளை, மீன் வித்த கதை எல்லாம் அங்க போய்ச் சொல்லாதேங்கோ. மரியாதை இல்லை. ஆன்ரி எண்டால் டீசன்ற்.”

மச்சாள் வந்த நாள்

இன்ரவியூவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. சேர் அதே ஆன்ரியை அதே மூன்று கெற்றோடு அக்காவைக்கொண்டு சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்து விசா கொடுக்கிறவரின் குரலில் கேட்பேன். அக்கா வெளியே நின்று, செத்த குரலில், பஸ் நடத்துநர் ஊர்ப்பெயர் சொல்கிற மாதிரி ஒப்புவிப்பா. திரும்பக் கேட்பேன். திரும்ப ஒப்புவிப்பா. வெக்கை. கீழே குழாய் அறுக்கிறார்கள். ஆன்ரி என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது. உங்களுக்கும் புளித்திருக்கும்.

அக்கா தன் போனை வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கிறவ என்பதால், கனடா மச்சாளின் குரல் எனக்கு முழுதாகப் பாடம். தமிழைத் தேனில் தோய்த்து, நடுவில் நடுவில் ஐஸ் கட்டி போடுகிற குரல். விசாக்காரரை அப்படியே நிறுத்திவிட்டு அந்தக் குரலை எடுத்தேன்.

“ஹாய் டிலானி, யூ நோ, நான் ஒண்டு சொன்னால் கோபிக்காதையும். இங்க ஜூட்டுக்கு எவ்வளவு நல்ல பெட்டையள் இருக்கினம் தெரியுமே? அவனும் மனிசன்தானே. சில நேரம் அவன் உம்மை மறந்துபோயிட்டானோ எண்டுகூட நான் நினைக்கிறன், யூ நோ.”

குரல் அச்சொட்டாக வந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம், ஒரே புளுகம். பிறகு வந்தது பாருங்கள்.

“மச்சாள், வாயை அடக்குங்கோ! உங்கட தம்பி முதல்நாள் வாடிக்கு வந்து அறுக்குளா மீனைத் தொட்டுப் பாத்திட்டு, ‘இது உயிரோட இருக்குதா’ எண்டு கேட்ட ஆள். தலையை வெட்டி வைச்சிருக்கிறன், கேள்வியைப் பாருங்கோ! அடுத்த நாளும் வந்தவர். அதுக்கு அடுத்த நாளும் வந்தவர். தனி ஆளுக்கு ஏன் இவ்வளவு மீன் எண்டு கேட்டால், நாய்க்காம். அந்த வீட்டில நாயே இல்லை! மீன் முழுக்க அயலட்டைக்குக் குடுத்திட்டு, தான் பாணும் சம்பலும் திண்டவர். ஏன் தெரியுமே? மீன் வெடுக்கு அவருக்குச் சரிவராது. மணம் பட்டாலே சத்தி எடுக்கிற மனிசன், லேஞ்சியால மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்காக வந்து நிண்டவர். அவர் என்னை மறந்திட்டாரோ? மறக்கச் சொல்லுங்கோ பாப்பம்! இரவு வேலை முடிச்சு வந்து பஸ் தரிப்பிடத்தில குளிருக்க நிண்டு எனக்குத்தான் எடுக்கிறவர், உங்களுக்கு இல்லை!”

சொல்லிக்கொண்டே மயிலை எட்டிப் பிடித்து ஒரே இழுவை. கயிறு அறுந்தது, படுக்கை விரிப்பு என் தலையில் விழுந்தது. நான் அதை விலக்கிக்கொண்டு பார்த்தால், அக்கா மூச்சு வாங்க நிற்கிறா, கை ஓங்கியிருக்கிறது. உள்ளே இருப்பது மச்சாள் இல்லை என்பது அப்போதுதான் அவவுக்கு நினைவு வந்தது போல. ஓங்கின கையால் தன் வாயையே பொத்திக்கொண்டா. பரமலிங்கம் ஐயா பின்வரிசையில் எழும்பி நின்று கை தட்டினார். நிரோசன்கூட ஒரு கெற்றும் போடாமல், “அக்கா, உதை அப்பிடியே கொழும்பில சொல்லுங்கோ” என்றான்.

சேர் மட்டும் பேனையால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. “வட் இஸ் திஸ்? இவ்வளவு கதைச்சீர், ஒரு கெற் இருக்கா அதுக்குள்ள? நோ தமிழ் இன் மை க்ளாஸ்! அண்டர்ஸ்ராண்ட்?”

கொழும்பு

இன்ரவியூ முடிந்து திரும்பி வருகிற பஸ்ஸில் இருந்தே அக்கா எனக்கு எடுத்தா. அறைக்குள் போனதும் “ஐ கொற் ரு நோ ஹிம்” என்று தொடங்கியிருக்கிறா. மேசைக்கு அங்கால் இருந்த வெள்ளைக்காரி கையைக் காட்டி நிறுத்தினாவாம். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆள் இருந்திருக்கிறார். “அம்மா, நீங்கள் தமிழிலயே சொல்லலாம். நான் அவாவுக்குச் சொல்லுவன்” என்றிருக்கிறார். முதல் தடவையும் ஒருத்தர் அப்படி இருந்தவர்தான். ஆனால் தமிழில் கதைத்தால் மதிக்கமாட்டார்கள் என்று சேர் சொல்லி அனுப்பியதால், அக்கா அவரைப் பார்க்காமலே ஆன்ரியை ஒப்புவித்துவிட்டு வந்திருக்கிறா. கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் இரும்புக்கடைக் குழாய் ஒன்றை நானே பல்லால் அறுத்திருப்பேன்.

இந்த முறை தமிழில் சொல்லச் சொன்னதும் அக்காவின் வாய் கட்டிவிட்டதாம். மாதக்கணக்காகத் தமிழுக்கு ஏச்சு வாங்கின வாய். வெள்ளைக்காரி, உங்கள் கணவருக்கு உங்களில் உண்மையாக விருப்பம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறா. “அதைக் கேட்ட உடன எனக்கு நீ மச்சாள் மாதிரிக் கதைச்சது காதுக்க வந்திட்டுதடி. பிறகு என்ர வாய் நிக்கேல்லை” என்றா அக்கா. அறுக்குளா, உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வி, இல்லாத நாய், லேஞ்சி, எல்லாம் கொட்டிவிட்டா. மொழிபெயர்க்கிறவர் பாதியில் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாராம். வெள்ளைக்காரி பேனையை வைத்துவிட்டு, இப்போது அவர் மீன் சாப்பிடுகிறாரா என்று கேட்டாவாம். “இன்னும் இல்லை, நான் போய்த்தான் பழக்க வேணும்” என்று அக்கா சொல்லியிருக்கிறா.

விசா வந்தது. சின்னம்மா வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். எனக்கு இரண்டு கோப்பை. கொழும்பில் ஏதாவது கஷ்டமாக இருந்ததா என்று நான் கேட்டதற்கு அக்கா யோசித்துவிட்டுச் சொன்னா: “ஒரு இடத்திலதான் தடுமாறிப் போச்சு. அறுக்குளாவுக்கு இங்கிலிஷ் என்னெண்டு அந்த மொழிபெயர்க்கிறவருக்கும் தெரியேல்லை, இவ்வளவு காலம் கெற் படிச்ச எனக்கும் தெரியேல்லை.”

கனடாவில் இருந்து ஒரு குரல்

அக்கா போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஏதோ பொரிகிற சத்தம். வேலைக்குச் சேர்ந்துவிட்டாவாம், மரக்கறி வெட்டிப் பெட்டியில் அடைக்கிற இடம், அங்கே ஒரு பக்கம் யாழ்ப்பாணம், மறுபக்கம் மட்டக்களப்பு, மேற்பார்வை பார்க்கிறவ வவுனியா. ஆங்கிலத்துக்கு இன்னும் முறை வரவில்லை. ஜூட் அண்ணை கதவு யன்னல் எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு ஒரு துண்டு மீன் சாப்பிட்டாராம். மச்சாளோடுதான் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பக்கென்றது. ஆனால் அக்கா சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னா: “இவா வாயைத் திறந்தாலே எனக்கு நீ படுக்கை விரிப்புக்க இருந்து கதைக்கிற மாதிரியே கிடக்கடி. பயமே வருகுதில்லை, சிரிப்பை அடக்கத்தான் பெரிய பாடு.”

புதிய பாடம்

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் சேரை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. விசா வந்த செய்தி கேட்ட கையோடு இரும்புக்கடை முகப்பில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பனர் ஏறியது. டிலானி அக்காவின் கலியாணப் படம், அதில் ஜூட் அண்ணையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சேர். கீழே கொட்டை எழுத்தில்: ‘ஒரே வேர்ப்பில் கனடா!’ அதைப் பார்த்து வந்த கூட்டத்துக்குக் கதிரை போதாமல் கீழே இருந்து சீமெந்துப் பைகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள்.

முதல் நாள் வகுப்பு. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு மயிலைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். நான் உள்ளே இருந்தேன். சேர் வைட்போர்டில் இருந்த ஆன்ரியை அழித்தார். அழித்த இடத்தில் புதிய பதில் ஒன்றை எழுதி, கோடு போட்டு, எல்லாரையும் எழும்பி நின்று சொல்லச் சொன்னார். ‘ஐ கொற் ரு நோ மை ஹஸ்பண்ட் வென் ஹீ கேம் ரு பை ஃபிஷ்.’ என் கணவர் மீன் வாங்க வந்தபோது அவரை அறிந்தேன். படுக்கை விரிப்பின் ஓட்டையால் பார்த்தேன். சாதகம் பொருத்தம் பார்த்து லண்டனில் பேசி முடித்த பிள்ளை, பிறந்தது முதல் கடலைக் கண்ணால் காணாத வயல்பக்கத்துப் பிள்ளை, சாத்திரியார் வீட்டுச் சுத்த சைவப் பிள்ளை, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே குரலில் மீன் வாங்க வந்த கணவரை ஒப்புவிக்கிறார்கள். நிரோசனும் சேர்ந்து சொல்கிறான், கழுத்து அட்டையோடு.

பின்வரிசையில் ஒரே ஒருத்தர் மட்டும் எழும்பவில்லை. பரமலிங்கம் ஐயா. சேர் பேனையால் மேசையில் தட்டி, “வை யூ நொற் ரெல்லிங்?” என்றார். ஐயா பையின் சிப்பை இழுத்து மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “சேர், நான் பேரனைப் பாக்கப் போறன். எனக்கு ஏன் மீன் வாங்க வந்த புருசன்?”

ஒரே வேர்ப்பில் எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று சேர் சொன்னது பொய்யில்லை: அதை வைத்து அவர் மேல்மாடி எடுத்தார், பனர் எடுத்தார், கடைசியில் அக்காவின் அறுக்குளாவையும் எடுத்துவிட்டார்.